வேலியைத் தாண்டிப் போன ஒயர்

எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் யாரைப் பார்த்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்பார். வணக்கம் சொல்வதெல்லாம் அதற்கப்புறம்தான். ஒரு கிண்ணத்தில் புளிக்குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தால், "மன்னிச்சுக்குங்க அம்மணி, உங்களுக்குச் சிரமம்" என்பார். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வரும்போது, "மன்னிச்சுக்குங்க, லேட்டாயிருச்சு" என்பார். ஒருநாள் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை, அவர் வீட்டில் வந்தது. அதற்கும் வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்டார். எனக்கு வந்த எரிச்சலில், "ஏன் சார், எங்க தண்ணியையும் சேர்த்து நீங்கதான் குடிச்சீங்களா?" என்று கேட்டேவிட்டேன். அதற்கும் ஒரு மன்னிச்சுக்குங்க வந்தது.

அவருக்குச் சொந்த ஊர் கோபி பக்கம். இங்கே நெய்வேலி அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலை. மனைவி ஊரில் டீச்சர் என்பதால் மகளோடு அங்கேயே இருந்துவிட்டார். இவர் மட்டும் ஒற்றை ஆளாக அவ்வளவு பெரிய குவார்ட்டர்ஸில் இருந்தார். நாங்கள் சங்கரன்கோவில் பக்கம். என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் பெர்மனன்ட் வேலை. எங்கள் வரிசைதான் பிளாக்கிலேயே கடைசி. கொல்லைப்பக்கம் கம்பிவேலி, வேலிக்கு அப்பால் ஒரு மண்பாதை, அப்புறம் முந்திரி மரங்கள். அதையும் தாண்டினால் ஓடும் ஷீட்டுமாகச் சில வீடுகள். அங்கே இருப்பவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். முன்பு நிலத்துக்காரர்களிடம் கூலிக்குப் போனவர்கள், அந்த நிலமெல்லாம் மைன்ஸுக்குப் போனபிறகு கிடைத்த வேலைக்குப் போகிறார்கள். பாதிப்பேர் காண்ட்ராக்ட். அந்த வீடுகளுக்குப் பின்னால் மைன்ஸில் தோண்டிக் கொட்டிய மண் மலை மாதிரி நிற்கும்.

கோடையில் அந்தப் பக்கம் கரண்ட் போய்விட்டால் இவர் தன் வீட்டு வராண்டா விளக்கை அணைத்துவிடுவார். எங்களுக்கு இங்கே கரண்ட் போவதே அபூர்வம். ஒருநாள் கேட்டேன்.

"நீங்க அணைச்சா அவங்க வீட்ல எரிஞ்சிருமா சார்?"

"எரியாதுங்க."

"அப்புறம்?"

"இருந்தாலும்ங்க" என்றார்.  இருட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

அவர் கொல்லையில் ஒரு பலாமரம் இருந்தது. காய்க்கிற காலத்தில் ஒரு சுளையை வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. பழத்தை அறுத்து, கையெல்லாம் பிசுக்கோடு வேலிப்பக்கம் போய் அங்கிருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார். "நானா வச்சேனுங்க மரத்தை? குவார்ட்டர்ஸ் கட்டறதுக்கு முன்னாலயே இருந்திருக்குது. அவிக தாத்தன் யாராச்சும் வச்சிருப்பாரு" என்பார். எங்கள் கொல்லையிலும் ஒரு பலாமரம் உண்டு. நான் சிப்ஸ் போட்டு டின்னில் அடைத்து ஊருக்கு அனுப்புவேன். அதுவரை எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. இவர் பேச்சைக் கேட்டபிறகு சிப்ஸ் பொரிக்கும்போதெல்லாம் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபமே இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் இப்படி எதற்கெடுத்தாலும் தலையைக் குனிந்தால், நான் எப்படி நிமிர்ந்து நடப்பது?

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எங்கள் வரிசை வழியாகத்தான் வேலைக்குப் போவாள். மின் நிலையத்தில் காண்ட்ராக்ட்டில் துப்புரவு வேலை. சுகன்யா அம்மா என்றுதான் எனக்குத் தெரியும். போகிறபோக்கில் நின்று பேசுவாள். ஒருநாள் அவளே கேட்டாள்.

"என்னாக்கா, இந்த சாரு எங்களப் பாத்தாவே கோர்ட்டுல நிக்கிறவரு மாதிரி நின்னுகினு இருக்காரு? நாங்க எதனா கேஸு போட்டுட்டமா?"

நான் சிரித்து உருண்டேன். சிரித்து முடித்தபிறகு மனசு என்னவோ போல இருந்தது.

பள்ளிக்கூடங்களையெல்லாம் மூடி, பாடத்தைப் போனில் நடத்தினார்களே, அப்போதுதான் இந்த நெட் விவகாரம் ஆரம்பித்தது. அந்தப் பக்க வீடுகளில் போன் எடுக்காது, மண்மேடு மறைத்துவிடும். வீட்டுக்கு ஒரு போன்தான், அதுவும் வேலைக்குப் போகிறவரோடு ஷிஃப்ட்டுக்குப் போய்விடும். வீட்டுக்கென்று லைன் வாங்கலாம் என்றால், அவ்வளவு தூரத்துக்குக் கம்பம் கிடையாது, வீடுகளுக்கு நம்பர் கிடையாது, இழுத்தால் கட்டுப்படியாகாது என்று யாரும் கொடுக்கவில்லை. பிள்ளைகள் மண்பாதையில் சிக்னல் தேடிக்கொண்டே நடந்து வந்து இவர் வீட்டு வேலியோரம் குந்தி உட்கார்ந்துவிடும். இவர் வீட்டு வைஃபை அங்கே தெரியும். ஆனால் பாஸ்வேர்டு போட்டிருந்ததால் உள்ளே நுழைய முடியாது.

இவர் அதைப் பார்த்த காலையை நான் மறக்கவே மாட்டேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் வேலிக்கு ஓடினார். "மன்னிச்சுக்குங்க கண்ணுகளா, பாஸ்வேர்டு போட்டு வச்சிருந்துட்டேன்" என்றார். நுரையோடு நிற்கிற மனிதரைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்துபோய் எழுந்துவிட்டன. அதில் சுகன்யாவும் இருந்தாள். ஒன்பதோ பத்தோ படித்துக்கொண்டிருந்தாள். மடியில் வைத்திருந்த போனின் முகம் முழுக்கக் கீறல்.

பாஸ்வேர்டை எடுத்துவிட்டு அதோடு நிறுத்தினாரா? வெயிலில் பிள்ளைகள் வேலியோரம் உட்காருவது அவருக்குச் சோறு இறங்கவிடவில்லை. லீவு போட்டு, முந்திரி மரங்களுக்கு நடுவே ஒரு இரும்புக் கம்பம் நட்டார். அதில் ஒரு பெட்டி. நெட் அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் போகாதாம், நடுவில் ஒரு பெட்டி வைத்துத் தூக்கிவிட வேண்டுமாம். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் இவர் வீட்டிலிருந்து போயிற்று. இன்னொரு ஒயர் பெட்டியிலிருந்து சுகன்யா வீட்டுக்குப் போய், அங்கிருந்து மற்ற வீடுகளுக்கு. வீட்டுக்குள் இருக்கும் மோடம், வெளியே போகிற ஒயர் எல்லாவற்றுக்கும் சேர்த்து வராண்டாவில் ஒரே சுவிட்ச் வைத்தார். தான் ஷிஃப்ட்டில் இருக்கும்போது நெட் நின்றுவிட்டால் யாராவது வந்து அணைத்துப் போட வசதியாக இருக்கும் என்று.

எங்கள் வீட்டுக்கும் அந்த வைஃபைதான். சுவர் தாண்டி நன்றாகவே எடுத்தது. நாங்கள் வைத்திருந்த லைனை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நான் ஓசியில் சீரியல் பார்ப்பேன், அவர் வந்து, "ஸ்லோவா இருக்குதுங்களா, மன்னிச்சுக்குங்க" என்பார். அதைக்கூட நான் கொஞ்சம் முறைப்பாகத்தான் கேட்டுக்கொள்வேன்.

ஒயரை இழுத்து முடித்த அன்று அந்தப் பக்கத்துப் பெரியவர் சிறியவர் எல்லாரையும் கம்பத்தடியில் கூட்டி வைத்து ஒரு சிவப்பு அட்டையைக் காட்டினார். "போடாதே, ஆள் வேலை செய்கிறார்" என்று எழுதிய அட்டை. நெய்வேலிக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. லைனில் வேலை செய்கிறவர் சுவிட்சை அணைத்துவிட்டு அதில் தன் அட்டையைத் தொங்கவிடுவார். தொங்கவிட்டவர்தான் வந்து எடுக்க வேண்டும். எவ்வளவு பெரிய ஆபீசராக இருந்தாலும் அடுத்தவர் அட்டையில் கை வைக்க மாட்டார். அந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மிக்ஸியைப் பிரித்துப் போட்டால்கூடச் சுவிட்சில் ஒரு அட்டையைத் தொங்கவிடுவார். நானும் சட்னியை அம்மியில் அரைத்துக்கொள்வேனே தவிர அதைத் தொட மாட்டேன். "அட்டை தொங்குச்சுன்னா அங்க ஒரு உசுரு இருக்குதுன்னு அர்த்தம்ங்க" என்று இவர் சொன்னார். சுகன்யா அம்மாவும், "எங்களுக்கும் பிளான்ட்ல சொல்லிக் குடுத்திருக்காங்க சார்" என்றாள்.

சுகன்யா படித்தாள். இப்படி ஒரு வரியில் சொல்கிறேனே, அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பிளஸ் டூவில் நல்ல மார்க். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கோயம்புத்தூரில் ஒரு நல்ல காலேஜில், அவள் ஆசைப்பட்ட கம்ப்யூட்டரே வந்துவிட்டது. வந்த இடத்தைக் குறித்த நேரத்துக்குள் நெட்டில் போய்ச் சம்மதம் என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் இடம் போய்விடும். அவள் அம்மாவுக்கோ மகளை அவ்வளவு தூரம் அனுப்பத் தைரியம் வரவில்லை. தம்பியைக் கேட்டு, கோயிலில் பூப்போட்டுப் பார்த்து, கடைசி நாள் காலையில்தான் சரி என்றாள். சாயங்காலம் ஐந்து மணிவரை நேரம் இருந்தது.

அன்று காலையிலேயே பெருங்காற்று அடித்தது. இடியும் மழையும். மரம் விழுந்து எங்கள் பக்கத்துக் கேபிள்காரர் நெட் மொத்தமாகப் போய்விட்டது. செல்போன் டவரும் இல்லை. இவருடைய லைன் மட்டும் பழைய டெலிபோன் வழியாகத் தரைக்குள் வருவது, அது தப்பித்தது. ஆனால் முந்திரிக் கிளை ஒன்று முறிந்து, நடுக்கம்பத்துப் பெட்டியின் மேலேயே விழுந்துவிட்டது. மழை விட்டதும் இவர் வேலிக்கு அந்தப்பக்கம் குரல் கொடுத்தார். "கண்ணு, பயப்படாத, நான் சரி பண்ணிக் குடுத்தர்றேன். மன்னிச்சுக்க" என்றார். சுவிட்சை அணைத்து அட்டையைத் தொங்கவிட்டார். வீட்டைப் பூட்டினார். ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். இதெல்லாம் நான் துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்ததுதான்.

மத்தியானத்துக்கு மேல் சுகன்யா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, சாரு எங்க? நெட்டு இன்னும் வரல."

வராண்டாவில் அட்டை தொங்கியது. வீடு பூட்டியிருந்தது. ரெண்டு பேரும் கம்பத்துக்குப் போனோம். ஏணி சாய்த்தபடி நின்றது. டூல்ஸ் பை கீழே கிடந்தது. ஏணிக்கடியில் அவருடைய செருப்பு. முறிந்த கிளையை அகற்றியிருந்தார், பெட்டியை மூடியிருந்தார். ஆளை மட்டும் காணோம். முந்திரித் தோப்பெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தோம். என் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

நடந்தது இதுதான். இடியில் மின் நிலையத்தில் ஒரு யூனிட் நின்றுவிட்டது. ஆபீஸ் ஜீப் மண்பாதை வழியாகவே வந்து இவரை வெறுங்காலோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அட்டையை எடுக்க வேண்டும் என்பது அந்த அவசரத்தில் மனிதருக்கு மறந்துவிட்டது. வேலை முடிந்திருந்தது, சுவிட்சைப் போட்டால் நெட் வந்திருக்கும். ஆனால் இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

திரும்ப வராண்டாவுக்கு வந்தோம். இப்போது வந்துவிடுவார், இப்போது வந்துவிடுவார் என்று நேரம் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. "அங்கதான் யாரும் இல்லையே சுகன்யா, நான் போடுறேன்" என்று கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் ஆன்ட்டி."

"உன் சீட்டுடி!"

"ஏணி இருக்குது, பை இருக்குது, செருப்பும் இருக்குது ஆன்ட்டி. சாரு அந்தாண்ட எங்கனா ஒயரைப் புடிச்சுகினு நின்னாருன்னா?"

 நான் கையை எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னதற்காக எடுத்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். என் மகனும் அந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்தான். அன்று போக இருந்தது அவனுடைய சீட்டாக இருந்திருந்தால் ஒரு சின்னப் பெண் பிடித்தால் நிற்கிற கையா என் கை? இதை நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரிந்துதான் கேட்கிறேன்.

மழையால் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் நீண்டு, என் வீட்டுக்காரர் நாலு மணிக்கு மேல் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவரும் அட்டையைப் பார்த்தார், தொடவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் சுகன்யாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு வடலூருக்கு விரட்டினார். வழியெல்லாம் விழுந்து கிடந்த மரங்கள். அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, நேரம் முடிந்துபோனது என்று சொன்னாராம்.

திரும்பி வரும் வழியில் பிள்ளை அழவே இல்லை என்றார் என் வீட்டுக்காரர். அழுதிருந்தால் தேவலாம் என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார். கால் முழுக்கச் சகதி. வராண்டாவில் அட்டை தொங்குவதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நான்தான் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் வாயைத் திறப்பார், அந்த ஒரு வார்த்தை வரும், நான் வெடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. தண்ணீர் வராததற்கும் குழம்புக் கிண்ணத்துக்கும் மன்னிப்புக் கேட்ட மனிதர், நிஜமாகவே ஒரு தப்புச் செய்த அன்று ஊமையாகிவிட்டார். எனக்குப் பயமாகப் போய்விட்டது. வேலியருகே போய் நின்றார். சுகன்யா வந்து, "பரவால்ல சார்" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் அவள் அம்மா வேலைக்குப் போகும்போது அவர் வாசலில் நின்றாள். நானும் வெளியே வந்தேன்.

"சார், தலையத் தூக்குங்க சார். நீங்க ஒண்ணும் சொல்லவாணாம். நல்லது செய்யணும்னுதான் செஞ்சீங்க. ஆனா எங்க வூட்டுப் புள்ள படிப்பு உங்க வூட்டு சுவிட்சுல தொங்கிகினு இருக்கக் கூடாது சார். எங்க பேர்ல ஒரு லைன் வாங்கிக் குடுங்க. காசு நாங்க கட்டிக்கிறோம். போட்டாலும் நாங்களே போடணும், நிறுத்தினாலும் நாங்களே நிறுத்தணும்."

எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. இவ்வளவு செய்த மனிதரிடம் பேசுகிற பேச்சா இது என்று. அவள் போனபிறகு யோசித்துப் பார்த்தேன். நாங்களும் அவர் சுவிட்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அது வசதி. நினைத்தால் நாளைக்கே சொந்த லைன் வாங்கிக்கொள்ள முடியும். அவளால் முடியாது. நல்ல மனசுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தார் என்பதால் அந்த வித்தியாசம் என் கண்ணில் படாமலே இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

அப்புறம் அவர் லைன் கொடுக்கிற ஆபீசுக்கு அலைந்த அலைச்சலைச் சொல்லி முடியாது. கம்பம் இல்லை என்றார்கள். ஊராட்சி ஆபீசில் போய் நின்று கம்பத்துக்கு இடம் வாங்கினார். வீட்டு நம்பர் இல்லை என்றார்கள். அதையும் போட வைத்தார். கட்டுப்படியாகாது என்றார்கள். அத்தனை வீட்டிலும் ஏறி இறங்கி, எல்லாரும் சேருவதாகச் சம்மதம் வாங்கி, அதற்கேற்ற மாதிரி சின்ன பிளான் ஒன்றைக் கேட்டு நின்றார். ஒரு செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணுகிற காசில் வீட்டுக்கே நெட். ஒருமுறை என் வீட்டுக்காரர் கூடப் போயிருந்தார். நாற்காலியில் கால் இடித்தால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள், அங்கே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "வேலை முடியாம நான் எந்திரிக்க மாட்டனுங்க" என்றாராம். என் வீட்டுக்காரர் வந்து சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார்.

லைன் வந்தது. வீட்டுக்கு வீடு சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டி. சுகன்யா அம்மா தன் வீட்டுச் சுவிட்சைத் தானே போட்டாள். பிள்ளைகள் கத்திய கத்தல் எங்கள் வீடுவரை கேட்டது. இவர் போகவில்லை. தன்னுடைய ஒயரைக் கம்பத்திலிருந்து அவிழ்த்து, முழங்கையில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார். நானும் எங்களுக்கென்று ஒரு லைன் வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் கொஞ்ச நாளில் ரிட்டயராகி ஊருக்குப் போனார். போகும்போது எங்களிடம் கும்பிட்டார், அவ்வளவுதான். சுகன்யா வீட்டு வாசல்வரை போய், கூப்பிடாமலே திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

சுகன்யா கெட்டுப்போய்விடவில்லை. பக்கத்தில் ஒரு காலேஜில் பி.எஸ்ஸி. சேர்ந்தாள். பஸ்ஸில் போய் வருகிறாள். சாயங்காலம் வீட்டு நெட்டிலேயே ஏதோ கம்பெனிக்கு டைப் அடித்துக் கொடுத்து நாலு காசு பார்க்கிறாள். அந்தப் பக்க வீடுகளில் நெட்டுக்கு என்ன கோளாறு வந்தாலும் அவள்தான் பார்க்கிறாள். நல்லபடியாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் ஆசைப்பட்டது இது இல்லை.

அவர் முதல் பொங்கலுக்குப் போன் பண்ணினார். வாழ்த்துச் சொன்னார்.  பிறகு, "அம்மணி, அந்தப் புள்ளை என்னங்க பண்ணுது?" என்றார். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. "அடுத்த கவுன்சலிங்லயே சீட்டு கிடைச்சிருச்சு சார். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். ஹாஸ்டல்ல இருக்கா" என்று சொல்லிவிட்டேன்.  அவர், "மன்னிச்சுக்குங்க அம்மணி, சமையல் நேரத்துல கூப்பிட்டுட்டேன்" என்றார். எத்தனை நாளைக்கப்புறம் அந்த வார்த்தையைக் கேட்டேன்! போனை வைத்துவிட்டு அழுதுவிட்டேன். யாரும் கேட்காமலே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அதுவும் அந்தப் பெண்ணின் பேரில் சொல்லியிருக்கிறேன் என்பது அழுது முடித்தபிறகுதான் உறைத்தது.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பார், நான் சொல்வேன். செகண்ட் இயர் என்பேன். பரீட்சை நடக்கிறது என்பேன். சுகன்யாவை வழியில் பார்த்தால் என்னால் அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது.

போன மாதம் எங்கள் வீட்டு நெட் படுத்துவிட்டது. சுகன்யாவைத்தான் கூப்பிட்டேன். கூடத்தில் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கையெல்லாம் மாவு, யார் என்றுகூடப் பார்க்காமல் புறங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"அம்மணி, நல்லா இருக்கறீங்களா? சுகன்யா எப்படிங்க படிக்குது? மூணாவது வருசமல்லோ இப்ப? கம்ப்யூட்டர்ல இப்ப நல்ல வேலை கிடைக்குதுன்னு எம் புள்ளை சொல்லுச்சுங்க."

 சுகன்யா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மெதுவாக எழுந்து வந்து போனைக் கையில் எடுத்தாள்.

"சார், நான் சுகன்யாதான் பேசுறேன். லீவுல வந்திருக்கேன் சார்."

"கண்ணு!" என்றார்.  "நல்லா இருக்கறயா கண்ணு? படிப்பெல்லாம்?"

"நல்லா போய்கினு இருக்குது சார். அடுத்த வருஷம் முடிச்சுட்டு வேலைக்குப் போயிடுவேன்."

"கண்ணு, அன்னைக்கு அந்த அட்டைய எடுத்துப்போட்டு நான் ஜீப்புல ஏறியிருக்கோணும். உங்கிட்டச் சொல்றதுக்கு எனக்கு வாயே வரலை. மன்னிச்சுக்க கண்ணு. மன்னிச்சுக்க."

"அதான் சீட்டு கெடச்சிடுச்சே சார். விடுங்க சார். அம்மாவக் கேட்டதா சொல்றேன்."

போனை அணைத்து மேடையில் வைத்தாள். திரும்பப் போய்ப் பெட்டியருகே உட்கார்ந்தாள். நான் மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தேன். என்னவாவது சொல்லுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்தக் காலேஜுன்னு சொல்லி வச்சிருக்கீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள். "அடுத்தவாட்டி கேட்டா நானும் அதையே சொல்லணும்ல."

"அதேதாம்மா" என்றேன். "அன்னைக்கு உனக்கு வந்துச்சே, அதே காலேஜ்."

அவள் ஒயரைப் பெட்டியில் செருகிக்கொண்டே தலையாட்டினாள்.

"அப்டின்னா மறக்காது ஆன்ட்டி."